பாலிஷர் ஓட்டியும் சுழல் கீறல் போகவில்லையா? தடத்தைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

காருக்குப் போடும் மெஷின் பாலிஷ் நினைத்தபடி வரவில்லை என்றதும், கை தானாக இன்னும் முரட்டுத்தனமான பேட்டை (மெஷினில் மாட்டும் தேய்க்கும் வட்டை) தேடிப் போகும். இல்லையென்றால் அதே இடத்தில் இன்னும் நான்கு சுற்று, இன்னும் கொஞ்சம் அழுத்தம். பெயின்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பேனலில், அதாவது கதவு, பானெட் போன்ற பாகத்தில், விழுந்திருக்கும் தடத்தின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். அதைப் படிக்காமல் பலத்தைக் கூட்டினால் பழைய கீறலும் முழுதாகப் போகாது, புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

கையிருப்பு எவ்வளவு குறைவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய கார்களில் நிறப் பூச்சுக்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் 1 மில்லிமீட்டர். சுழல் கீறல் இந்த அடுக்கின் மேல்பரப்பில் இருக்கிறது. கீறலின் அடி எந்த ஆழத்தில் இருக்கிறதோ, அந்த மட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குவதுதான் பாலிஷர் செய்யும் வேலை. தேய்த்தது திரும்ப வராது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் இதே அடுக்கில் கலந்திருப்பதால், மிகவும் மெலிந்துபோன கிளியர் கோட் வெயிலில் சீக்கிரம் மங்கி உரியத் தொடங்கும்.

தடத்தைப் படிக்க வேண்டியவை

ஒரு நல்ல எல்இடி டார்ச், பேனல் துடைக்கும் திரவம், சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள், மாஸ்கிங் டேப். இவை போதும். ட்யூப் லைட் வெளிச்சத்தை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பரவலான வெளிச்சம் கீறலை மறைத்துவிடும். ஒரே புள்ளியிலிருந்து வரும் கூர்மையான ஒளிதான் காட்டிக்கொடுக்கும். அந்த வகையில் வெயிலுக்கு இணை கிடையாது.

சுழல் கீறல் என்று சொன்னாலும், பெரும்பாலும் அவை சுழலாக இருப்பதில்லை. கழுவும்போதும் துடைக்கும்போதும் எல்லாத் திசையிலும் விழுந்த பொடிக் கீறல்கள் அவை. விளக்கின் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் கிடப்பவை மட்டும் பளிச்சிடுவதால், விளக்கைச் சுற்றி வளையமாகத் தெரிகின்றன. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள். வளையம் கூடவே நகர்ந்தால் அது கழுவியதால் வந்த பழைய கீறல். டார்ச் நகர்ந்தும் கோடுகள் மெஷின் போன பாதையிலேயே நிற்கின்றன என்றால் அது பாலிஷர் போட்டது. பாதி நோயை இந்த ஒரு சோதனையே பிரித்துவிடும்.

பேனல் துடைக்கும் திரவம் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 முதல் 25 சதவீதம் அளவில் கலந்ததாகவும் இருக்கலாம். பாலிஷில் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு உண்மையான பெயின்டைக் காட்டுவதுதான் அதன் வேலை. புதிதாக அடித்த பெயின்டில் இதை அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

எதையும் மாற்றும் முன் ஓர் அடிப்படை ஓட்டம் வேண்டும். கழுவி, பெயின்டில் ஒட்டிய இரும்புத் தூளைக் கரைத்து, களிமண் பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் கட்டி) போட்டு முடித்த பேனலில், 40 முதல் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (பேட் அதிர்ந்துகொண்டே சுற்றும் வகை) நடுத்தர ஃபோம் பேட், நடுத்தர பாலிஷ், மூன்று நான்கு பட்டாணி அளவுத் துளிகள். 6 எண் வரை உள்ள டயலில் 4 அல்லது 5. கை நகரும் வேகம் நொடிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை, இப்படி நான்கு முதல் ஆறு சுற்று. துடைத்துவிட்டுப் பாருங்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்தச் சதுரத்தில் தெரிவதை வைத்துத்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டையும் பாலிஷையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால், பலன் தந்தது எது, கெடுத்தது எது என்று கடைசி வரை தெரியாது.

கீறல் அப்படியே இருக்கிறது, அல்லது பாதிதான் குறைந்திருக்கிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இது. பாலிஷைக் குறைசொல்லும் முன் மெஷினைக் கவனியுங்கள். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் இரண்டு வேலை செய்கிறது: அச்சை விட்டு விலகி அதிர்கிறது, கூடவே தானாகச் சுற்றவும் செய்கிறது. இந்தச் சுற்று மோட்டாரோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டதல்ல. கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலோ, பேட்டைச் சாய்த்துப் பிடித்தாலோ சுற்று நின்றுவிடும். அதிர்வு மட்டும் மிஞ்சும். சத்தம் அப்படியே இருப்பதால் வேலை நடக்கிறது என்றே தோன்றும். ஆனால் பேட் சுற்றாதபோது வெட்டு, அதாவது கிளியர் கோட்டைத் தேய்த்தெடுக்கும் சக்தி, பெரும்பகுதி போய்விடுகிறது. பேட் ஒட்டியிருக்கும் பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுற்றவில்லையா, முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள், அடுத்து பேட்டைச் சமமாகப் பிடியுங்கள். இதற்குப் பிறகுதான் மற்ற எதைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

சுற்று சரியாக இருந்தும் கீறல் போகவில்லை என்றால் கை வேகத்தைப் பாருங்கள். ஜன்னல் துடைப்பதுபோல இங்குமங்கும் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். பாலிஷில் உள்ள துகள் கீறலைச் சமன்செய்ய நேரம் வேண்டும். எடுத்துக்கொண்ட சதுரம் பெரிதாக இருந்தாலும் இதே விளைவுதான்: பாதி பானெட்டை ஒரே தடவையில் முடிக்க நினைத்தால் பாலிஷ் பரவிக் காய்ந்துவிடும், எந்த இடத்துக்கும் போதுமான வேலை கிடைக்காது.

அடுத்து பேட். சில சதுரம் முடித்த ஃபோம் பேட் பழைய பாலிஷும் தேய்ந்த கிளியர் கோட்டும் ஊறிக் கனத்துப்போயிருக்கும். கையால் அமுக்கினால் ஈரமாக, மெத்தென்று இருந்தால் அது வெட்டாது. ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பிரஷ்ஷால் தேய்த்தோ காற்றடித்தோ சுத்தம் செய்யுங்கள். ஒரு பேனல், அதிகம் போனால் இரண்டு பேனலுக்கு ஒரு பேட் என்று மாற்றுங்கள். ஒரே பேட்டில் முழுக் காரையும் முடிப்பதாகச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

இத்தனையும் சரியாக இருந்து, அப்போதும் கீறல் நின்றால்தான் பலத்தைக் கூட்டும் முறை வருகிறது. அதிலும் வரிசை உண்டு. முதலில் அதே பேட்டில் காம்பவுண்ட், அதாவது பாலிஷைவிட முரடாக வெட்டும் பசை. அது போதவில்லை என்றால் வெட்டும் ஃபோம் பேட். அதற்கும் அசையாத கெட்டிப் பெயின்டுக்கு மைக்ரோஃபைபர் பேட். கம்பளிப் பேட்டும், அதிராமல் ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினும் கடைசி. பேட்டின் நிறத்தை வைத்து வெட்டுச் சக்தியை ஊகிக்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு இல்லை. எல்லோருக்கும் பொதுவான நிற வரிசை எதுவும் கிடையாது.

நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும் கீறலை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அதை முழுதாக எடுக்கும் ஆழத்துக்கு இறங்கினால் கிளியர் கோட் மிஞ்சாமல் போகலாம். அதன் விளிம்புகளை மழுக்கி, கண்ணில் படுவதைக் குறைத்துவிட்டு நகர்ந்துவிடுவதே நல்லது.

துடைத்தபோது போயிருந்தது, கழுவியதும் திரும்பி வந்துவிட்டது

கீறல் திரும்பி வரவில்லை, அங்கேயேதான் இருந்தது. பல பாலிஷ்களிலும், குறிப்பாக ‘ஒரே தடவையில் எல்லாம்’ என்று விற்கப்படும் வகையிலும், எண்ணெயும் நிரப்பிகளும் உண்டு. அவை கீறலுக்குள் போய் உட்கார்ந்து ஒளி சிதறாமல் பார்த்துக்கொள்ளும். ஷாம்பு பட்டதும் அவை போய்விடும். ஒவ்வொரு சதுரத்தையும் முடித்ததும் பேனல் திரவத்தால் துடைத்து, ஆவியான பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். துடைத்த பின் கீறல் தலைகாட்டினால், நீங்கள் நீக்கவில்லை, நிரப்பியிருக்கிறீர்கள்.

புதிதாகப் பெயின்ட் அடித்த பேனலில் மட்டும் இன்னொரு காரணமும் உண்டு. முழுதாக இறுகாத கிளியர் கோட், பாலிஷரின் சூட்டிலும் பாலிஷில் உள்ள கரைப்பானிலும் லேசாக உப்பிக்கொள்ளும். கீறல் மூடிக்கொண்டது போலத் தெரியும். சில நாளில் உப்பல் இறங்கியதும் பழையபடி வெளியே வரும். இங்கே பாலிஷை மாற்றிப் பயனில்லை. பெயின்ட் இறுகும்வரை காத்திருங்கள். எத்தனை நாள் என்பதைப் பெயின்ட் அடித்தவரிடமே கேளுங்கள், ஒவ்வொரு பெயின்டுக்கும் அது மாறும்.

வெயிலில் வில்போல வளைந்த நிழல் கோடுகள்

ஹாலோகிராம் என்று சொல்வது இதைத்தான். கார் நகர நகர, வெளிச்சத்தில் அலையலையாக ஓடும். இது ரோட்டரியின் கைவண்ணம். ரோட்டரி ஒரே அச்சில், ஒரே திசையில் சுற்றுகிறது. அதனால் துகள் போடும் நுண்கீறல் எல்லாம் ஒரே போக்கில் வரிசையாக விழுகிறது. முரட்டு பேட், அதிக வேகம், பேட்டைச் சாய்த்து விளிம்பில் ஓட்டுவது, முடிக்கும் சுற்றைத் தவிர்ப்பது என்று எதுவும் இதைக் கூட்டும்.

நீக்குவது சுலபம். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் மென்மையான முடிப்புப் பேட்டும் நுண் பாலிஷும் போட்டு, டயல் 3 அல்லது 4-இல் இரண்டு மூன்று சுற்று ஓட்டினால் ஒரே திசைக் கோடுகள் கலைந்துவிடும். ரோட்டரி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், முடிப்புப் பேட்டைத் தட்டையாக வைத்து, நிமிடத்துக்கு 600 முதல் 1,000 சுற்றில், மெஷின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல் ஓட்டுங்கள். வரும், ஆனால் கை பழகியிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் ரோட்டரியில் முடிக்க முயல்வது தேவையில்லாத வீம்பு என்பது என் கருத்து.

ஹாலோகிராம் உள்ள காரை வாங்கியிருந்தால், முன்பு யாரோ காம்பவுண்ட் போட்டிருக்கிறார்கள் என்றும் அர்த்தம். கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது. மிக மென்மையான முறையிலிருந்தே தொடங்குங்கள்.

கீறல் போனது, ஆனால் பேனல் பால் படிந்தது போல மங்கலாக இருக்கிறது

கோடு எதுவும் தனியாகத் தெரியாது. கருப்பு கருப்பாக இல்லாமல் சாம்பல் பூத்திருக்கும். பேட்டோ பாலிஷோ விட்டுச்சென்ற, எண்ண முடியாத அளவு நுண்கீறல்கள் சேர்ந்துதான் இந்த மங்கல். மைக்ரோஃபைபர் பேட்டும் முரட்டுக் காம்பவுண்டும் இதை விடாமல் போவது அரிது. அப்படி வந்தால் அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம், வேலையின் முதல் பாதி அவ்வளவுதான். முடிப்புப் பேட்டும் நுண் பாலிஷுமாக இரண்டாவது ஓட்டம் போட்டால் தெளிந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், முடிப்பு ஓட்டத்துக்குப் பிறகும் மங்கல் போகாதபோதுதான். அங்கே பெயின்ட் மென்மையானது என்று எடுத்துக்கொள்ளலாம். சில கார்களின் கிளியர் கோட் கடினமாகவும் சிலவற்றில் மிக மென்மையாகவும் இருக்கும். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல், நிறத்துக்கு நிறம் மாறும். ஒரே காரில் மறுபெயின்ட் அடித்த கதவு மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மென்மையான பெயின்டில் கீறல் உடனே போகும், புதிய கீறலும் உடனே விழும். கெட்டிப் பெயின்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் மென்மையான கருப்புப் பெயின்ட்தான் அதிகப் பொறுமை கேட்பது.

அதற்கு நான் மாற்றும் வரிசை இது. முதலில் புத்தம்புது அல்லது கழுவி முழுதாகக் காய்ந்த முடிப்புப் பேட். பழைய காம்பவுண்டின் துகள் ஒன்றிரண்டு பேட்டில் இருந்தாலும் மென்மையான பெயின்ட் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து வேகத்தைக் குறைப்பது. பிறகு கடைசி இரண்டு சுற்றில் கை அழுத்தத்தை முற்றிலும் எடுத்துவிடுவது. அப்போதும் மங்கல் என்றால் பாலிஷை மாற்றுவது. சில பாலிஷ்களில் துகள் வேலை செய்யச் செய்ய உடைந்து பொடியாகும். அந்த வகையைப் பாதியில் நிறுத்தினால் உடையாத துகள் மங்கலை விட்டுச்செல்லும். தெளியும்வரை ஓட்ட வேண்டும். இன்னொரு வகையில் துகள் தொடக்கம் முதலே ஒரே நுண்ணிய அளவில் இருக்கும். அதை அதிக நேரம் ஓட்டிக் காயவிட்டால்தான் தொல்லை. கையில் இருப்பது எந்த வகை என்று டப்பாவைப் படியுங்கள்.

துடைக்கும் துணியையும் சந்தேகியுங்கள். மென்மையான பெயின்டில், அழகாக முடித்த பரப்பைக் கடைசித் துடைப்பே கெடுத்துவிடும். டார்ச்சில் மெல்லிய நேர்க்கோடுகள் துடைத்த திசையில் தெரிந்தால் குற்றவாளி துணி.

பன்றிவால்போல சுருண்ட தனித்தனிக் கீறல்

சின்னச் சின்னச் சுருள், அங்கொன்றும் இங்கொன்றுமாக, சுற்றியிருப்பதைவிட ஆழமாக. இதைப் பார்த்ததும் மெஷினை நிறுத்துங்கள். பேட்டுக்கும் பெயின்டுக்கும் இடையே ஏதோ ஒரு கடினமான துகள் மாட்டியிருக்கிறது, அதிர்வின் போக்கிலேயே அது கோலமிட்டிருக்கிறது. மண் துகளாக இருக்கலாம், காய்ந்து கட்டியான பாலிஷாக இருக்கலாம், கதவு இடுக்கிலிருந்தோ ரப்பர் பீடிங்கிலிருந்தோ பேட் இழுத்து வந்ததாகவும் இருக்கலாம். தரையில் விழுந்த பேட்டை ஊதிவிட்டு மாட்டினால் இது நிச்சயம்.

பேட்டைக் கழற்றி ஒதுக்குங்கள், பேனலைத் துடையுங்கள், புதுப் பேட்டோடு அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டுங்கள். பேனலைக் கழுவி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், அல்லது காற்றில் தூசி பறக்கும் இடத்தில் வேலை என்றால், பாலிஷ் போடும் முன் ஒவ்வொரு முறையும் திரவம் தெளித்துத் துடைப்பது நல்லது. வாட்டர் பேப்பர் போட்ட பேனலில் இதே சுருள் தெரிந்தால், அது பேப்பர் விட்டுச்சென்றது. அதைக் காம்பவுண்டால் எடுப்பதைவிட, இன்னும் நுண்ணிய பேப்பரால் ஒரு முறை சமன்செய்துவிட்டு காம்பவுண்டுக்கு வருவதே வேகம்.

பேட் வளைவுகளில் நின்றுவிடுகிறது, மெஷின் கையை உதறுகிறது

15, 21 மில்லிமீட்டர் என்று அதிர்வு வீச்சு பெரிதான மெஷின்கள் தட்டையான பானெட்டிலும் ரூஃபிலும் நன்றாக ஓடும். ஃபெண்டரின் வளைவில், கதவின் மடிப்பில் பேட்டின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவதால் சுற்று நின்றுவிடும். அங்கே 3 அங்குலப் பேட்டோடு ஒரு சின்ன மெஷின் தேவை. இல்லையென்றால் 8 மில்லிமீட்டர் வீச்சு மெஷின் நிதானமாக முடித்துத் தரும். பேட்டை வலுக்கட்டாயமாகச் சுற்றவைக்கும் கியர் வகை மெஷின் நிற்காது. ஆனால் சூடும் அதிகம், விளிம்பில் கவனம் தேவை.

உதறல் வேறு விஷயம். மெஷினுக்குள் இருக்கும் எதிர் எடை, ஒரு குறிப்பிட்ட அளவு பேட்டுக்கென்று சமன்செய்யப்பட்டது. அதைவிடப் பெரிய, கனமான பேட்டை மாட்டினால் உதறும். பேட் நடுவில் உட்காராமல் ஓரம் தள்ளியிருந்தாலும் உதறும்; கழற்றி நடுவில் வைத்து ஒட்டுங்கள். இரண்டும் இல்லையென்றால் பேக்கிங் பிளேட்டின் ஒட்டுக்கொக்கி (வெல்க்ரோ) சூட்டில் உருகியிருக்கிறதா, பிளேட் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு.

வெள்ளைத் தூள் பறக்கிறது, அல்லது பாலிஷ் இறுகித் துடைக்க வரவில்லை

தூள் பறந்தால் பாலிஷ் காய்ந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது பேட் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பது சில பாலிஷ்களுக்கு உதவும், சிலவற்றைக் கெடுக்கும். சுத்தமான பேட் எல்லாவற்றுக்கும் உதவும். புதுப் பேட் வறண்டிருந்தால் முதல் தடவை மட்டும் பாலிஷை விரலால் முகம் முழுக்கத் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வறண்ட இடமே தூளைக் கிளப்பும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

இறுகி ஒட்டுவது பெரும்பாலும் சூட்டால். வெயிலில் நின்ற பேனலில் பாலிஷ் போட்டால் இப்படித்தான். மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வெப்பமானி இல்லையென்றால் புறங்கையை வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியவில்லை என்றால் சூடு அதிகம். காய்ந்து ஒட்டியதை நகத்தால் சுரண்டாதீர்கள். அதே பாலிஷை ஒரு துளி மேலே போட்டு இரண்டு சுற்று ஓட்டினால் இளகி வந்துவிடும்.

பேட்டில் காரின் நிறம் ஒட்டுகிறது

இது ஒன்றுதான் உடனே பதறவேண்டிய அறிகுறி, அதுவும் எல்லாக் காருக்கும் இல்லை. பழைய கார்களில் சிலவற்றுக்கும், சில வணிக வாகனங்களுக்கும் கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட் இருக்கும். அதில் பேட் நிறம் மாறுவது இயல்பு. வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பார்த்திருந்தால் இது எந்த வகை என்று தெரிந்திருக்கும்.

கிளியர் கோட் உள்ள காரில், இதுவரை வெள்ளையாக இருந்த பேட்டில் திடீரென்று நிறம் வந்தால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது. பேனலில் அந்த இடம் ஓரம் தெளிவாகத் தெரிகிற மங்கல் திட்டாக இருக்கும், நனைத்தால் மறையும், காய்ந்ததும் வரும். எந்தப் பாலிஷும் வேக்ஸும் அதைச் சரிசெய்யாது. மறுபெயின்ட்தான் வழி.

இது நடக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றே: மடிப்புக் கோடு, கதவு விளிம்பு, பானெட்டின் முனை, கைப்பிடியைச் சுற்றி. பெயின்ட் அடிக்கும்போதே விளிம்புகளில் அடுக்கு மெலிதாக நிற்கும். பேட்டின் முழு அழுத்தமும் அந்தக் குறுகிய கோட்டில் குவியும். எனவே எல்லா விளிம்புக்கும் டேப் ஒட்டுங்கள். டேப்பை எடுத்த பிறகு மிஞ்சும் அரை அங்குலத்தைக் கையால், நுண் பாலிஷால் தேய்த்தால் போதும். பிளாஸ்டிக் பம்பர் இன்னும் ஆபத்து. உலோகம்போல அது சூட்டைக் கடத்திவிடாது, பேட் நின்ற இடத்திலேயே சூடு தேங்கும். சாதாரணத் தடிமன்மானி பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது என்பதால் எவ்வளவு மிச்சம் என்று அளக்கவும் வழியில்லை. உலோகப் பேனலிலும் அந்த மானி காட்டுவது பிரைமர் முதல் கிளியர் கோட் வரையான மொத்தத் தடிமனைத்தான். கம்பெனிப் பெயின்டில் மொத்தம் 100 முதல் 150 மைக்ரான் வருவது சகஜம். ஒரு பேனல் மட்டும் 250 காட்டினால் அது மறுபெயின்ட். அதை நிறைய மிச்சம் என்று எண்ணி ஏமாறாதீர்கள், அடியில் புட்டியாகவும் இருக்கலாம்.

மேட் பெயின்டில் இந்த அறிகுறிகள் எதையும் தேட வேண்டியதில்லை, ஏனென்றால் அதில் பாலிஷரே வைக்கக் கூடாது. பட்ட இடம் பளபளப்பாகிவிடும், திரும்ப மங்கலாக்க முடியாது.

கருப்பு ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் வெள்ளைக் கறை

பாலிஷ் பட்டுக் காய்ந்தது. மென்மையான பிரஷ்ஷும் நீர்த்த ஆல் பர்பஸ் கிளீனரும் எடுத்துவிடும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் ஊறிப்போனது சிரமம் தரும், அடுத்த முறை டேப் ஒட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியாக முடிந்தது, கொஞ்ச நாளில் சுழல் கீறல் மறுபடி

பேனல் திரவத்தால் சோதித்துத்தான் முடித்தீர்கள் என்றால் இது புதிய கீறல், கழுவும் முறையால் வருவது. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் தட்டுவதுதான் முதல் காரணம். ஒரே வாளித் தண்ணீரில் துணியை முக்கி முக்கித் தேய்ப்பது இரண்டாவது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, மிட்டை (கழுவும் கையுறையை) அலசுவதற்கு இன்னொரு வாளி. மேலிருந்து கீழே கழுவுங்கள். சக்கரத்துக்குப் பயன்படுத்திய மிட் பெயின்டுக்கு வரக் கூடாது. பாலிஷ் பழைய வேக்ஸையும் செராமிக் கோட்டிங்கையும் சேர்த்தே தேய்த்து எடுத்துவிட்டிருக்கும் என்பதால், திரவத்தால் துடைத்த கையோடு புதிதாக ஒரு பாதுகாப்புப் பூச்சு போட்டுவிடுங்கள். அது கீறலைத் தடுக்காது. அழுக்கு எளிதாகக் கழன்று வரும், தேய்க்கும் வேலை குறையும். மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். பருத்தித் துணியின் பஞ்சு அவற்றில் ஒட்டிக்கொள்ளும். துணி மிருதுவாக்கும் திரவம் போட்டால் நார்கள் உறிஞ்சும் தன்மையை இழந்துவிடும்.